தானியக் குவியலின் சூடு



தை மாதத்தில் பெரம்பலூர் மாவட்டத்துக்குள், வேப்பூர், குன்னம், வேப்பந்தட்டைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. களத்திலும், களம் போதாமல் சாலை ஓரத்திலும் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். கரிசல் காட்டில் பருவமழையை நம்பி விதைத்தது. கதிர் ஒடித்து, மெஷினில் அடித்து, மணியாகக் கொட்டி வைத்திருப்பார்கள். சரியாகக் காயாத மணியை, மேகம் கறுக்கிறதே என்று அவசரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, இரண்டொரு நாள் கழித்துக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். கதகதவென்று இருக்கும். 'சோளம் புழுங்கிப் போச்சே' என்று விவசாயியின் மனம் பதறும். வியாபாரி வந்து ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் ஒரு பிடி போட்டுப் பார்த்து விலையைக் குறைத்துவிடுவார்.

அந்தச் சூடு வெயில் தந்தது இல்லை. மணிக்குள் இருந்து வந்தது. அறுத்த பிறகும் மணிக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்து, தனக்குள் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து, கரியமில வாயுவையும் நீரையும் சூட்டையும் வெளியே விடுகிறது. ஈரம் இருந்தால் பூஞ்சணமும் வந்து அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். ஈரப்பதத்தை 14 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிவிட்டால் இந்த வேலை கிட்டத்தட்ட நின்றுபோகும். மணி சாகாது, உறங்கும். கோயில் கோபுரக் கலசத்துக்குள் வரகை நிரப்பி வைத்த நம் முன்னோர்கள், நன்றாகக் காய்ந்த விதை ஆண்டுக்கணக்கில் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை அறிந்தவர்கள்.

குவியலின் சூட்டுக்குக் காரணமான இந்த வேலைக்குத்தான் வளர்சிதை மாற்றம் என்று பெயர். உயிருள்ள ஒவ்வொரு செல்லும் ஓயாமல் எதையோ சிதைத்துக்கொண்டும் எதையோ கட்டிக்கொண்டும் இருக்கிறது. சிதைப்பதில் ஆற்றல் கிடைக்கிறது. கட்டுவதில் அது செலவாகிறது. ஒவ்வொரு படியையும் நடத்தி வைப்பவை நொதிகள் என்னும் புரதங்கள்.

அந்த ஆற்றல் எந்த வடிவத்தில் கைமாறுகிறது என்ற கேள்விக்கு விடை கண்டவர்களில் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எல்லாப்பிரகத சுப்பாராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர் என்று அவர் வரலாறு சொல்லும். அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போய், சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1929-இல் தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் மூலக்கூறைப் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டறிந்தார். சுப்பாராவ் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது எனக்குத் தீராத வருத்தம்.

ஏ.டி.பி. என்பது அன்றாடக் கூலி மாதிரி. சம்பாதித்த கையோடு செலவாகிவிடும். சேர்த்து வைக்க முடியாது. எந்த நேரத்திலும் நம் உடம்பில் இருக்கும் ஏ.டி.பி. சில பத்து கிராம்தான். ஆனால் அது திரும்பத் திரும்பச் சிதைந்து திரும்பத் திரும்ப உருவாவதால், ஒரு நாளில் புழங்கும் அளவைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் எடைக்குச் சமமாக வந்துவிடும். சில நிமிடம் அந்த வரவு நின்றால் மூளை நிற்கும், இதயம் நிற்கும்.

சரி, இந்த ஆற்றல் முதலில் எங்கிருந்து வருகிறது? மறுபடி மக்காச்சோளக் காட்டுக்கே போவோம். சூரிய ஒளியைப் பிடித்துக் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் வேலையை எல்லாப் பச்சை இலையும் செய்கிறது. நெல்லின் இலையில், வெப்பம் ஏற ஏற அந்த வேலை செய்யும் நொதி தடுமாறி, கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். செய்த வேலையில் ஒரு பங்கு வீணாகும். மக்காச்சோளம், சோளம், கம்பு, வரகு, கரும்பு ஆகியவற்றின் இலை அமைப்பு வேறு. நரம்பைச் சுற்றி வளையமாக நிற்கும் செல்களுக்குள் கரியமில வாயுவை முதலிலேயே செறிவாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு சர்க்கரை செய்கின்றன. தடுமாற்றம் மிகக் குறைவு. இலைத்துளைகளை அகலத் திறந்து வைக்க வேண்டாம் என்பதால் நீர்ச்செலவும் நெல்லைவிட மிகக் குறைவு. 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பு இலையில் இதன் படிகளை விளக்கினார்கள். வானம் பார்த்த பெரம்பலூர் பூமிக்கு எந்தப் பயிர் ஏற்றது என்பதை இங்குள்ள உழவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கம்பிலும் சோளத்திலும் வரகிலும் கண்டு வைத்திருந்தார்கள்.

இன்று அந்தக் காடுகளில் பெரும்பகுதி மக்காச்சோளம். தமிழ்நாட்டில் அதிகமாக மக்காச்சோளம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்னணியில் நிற்கிறது. விளைந்ததில் பெரும்பங்கு மனிதர் தட்டுக்கு வருவதில்லை. லாரி ஏறி நாமக்கல் பக்கம் கோழித்தீவனமாகப் போகிறது. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு 110 கிராம் அளவுக்குத் தீவனம் தின்னும். அதிலுள்ள ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் முட்டையாக வெளிவருகிறது. மீதியில் பெரும்பகுதி, கோழி உயிரோடு இருப்பதற்கே செலவாகிறது: உடல் சூட்டைக் காக்க, இதயம் துடிக்க, இறகு வளர. அந்த முட்டையும் வீணில்லை. பள்ளிச் சத்துணவில் பிள்ளையின் தட்டுக்கு வரும்போது, ஏறத்தாழ 6 கிராம் தரமான புரதம் அந்தச் சின்ன உடம்பில் தசையாகவும் எலும்பாகவும் நொதியாகவும் மாறுகிறது. வளரும் பிள்ளைக்கு முட்டை போடுவது தேவையா என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது.

ஆற்றலைச் சேர்த்து வைத்துச் செலவிடும் ஒரு பறவையைப் பார்க்க அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்குப் போவோம். அது பறவைகள் சரணாலயம், 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் அங்கே வரும் விருந்தாளிகளில் வரித்தலை வாத்தும் ஒன்று. தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி நம் ஏரிக்கு வருகிறது. 7,000 மீட்டருக்கு மேலேயும் அந்தப் பறவை பறந்தது பதிவாகியிருக்கிறது. காற்று அவ்வளவு மெலிந்த இடத்தில் சிறகடிக்கத் தசைக்கு ஆக்சிஜன் வேண்டுமே! அதன் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றும். பறக்கும் தசையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடர்த்தியாக இருக்கும். பயணத்துக்கு எரிபொருள் கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. கிளம்பும் முன் தின்று தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பறந்து பறந்து அதைத் தீர்த்துவிடுகிறது.

கொழுப்பைச் சேர்க்கும் திறமை நமக்கும் இருக்கிறது. தீர்க்கும் வேலைதான் நம்மை விட்டுப் போய்விட்டது. இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

அலுவலகத்திலோ கடையிலோ உட்கார்ந்து வேலை பார்ப்பவர் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அவர் சும்மா படுத்திருந்தாலும் செலவாகக்கூடியது. கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் இவையெல்லாம் ஓய்வெடுப்பதில்லை. எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, அந்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. 'வயசு முப்பத்தஞ்சு ஆச்சு, இனி உடம்பு போடத்தான் செய்யும்' என்று பலர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, உடலின் அளவைக் கழித்துப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வயது வரை இந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை என்று காட்டியது. வயதின் மேல் பழி போட வழியில்லை.

அப்படியானால் மாறியது எது? ஒரு தலைமுறைக்கு முன்பு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வரகுச் சோறும் கம்பங்கூழும் சோளக் களியும் அன்றாட உணவு. வரகின் உமி பல அடுக்காக ஒட்டியிருக்கும். அதைத் திரித்து, குத்திப் புடைத்து அரிசியாக்குவதற்குள் பெண்களின் தோள் இற்றுப்போகும். அந்தக் கஷ்டம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நார்ச்சத்துள்ள தானியத்தைத் தின்று, தின்றதற்கு ஈடாக உழைத்த உடம்புகள் அவை. இப்போது தீட்டிய வெள்ளை அரிசி மூன்று வேளையும் இட்லியாக, சோறாக, தோசையாக வருகிறது. உழவுக்கு டிராக்டர், அறுவடைக்கு மெஷின், கடைக்குப் போக டூவீலர். தட்டில் மாவுச்சத்து குறையவில்லை. தசைக்கு வேலை குறைந்துவிட்டது.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசைதான். இன்சுலின் வந்து கதவைத் தட்டினால் தசை திறக்க வேண்டும். வேலை இல்லாத தசை, கொழுப்பு படிந்த தசை, திறக்க மறுக்கிறது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்குகிறது. மிச்சம் கல்லீரலில் கொழுப்பாகிறது. நம் மக்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. ஒரே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் நம்மவர் உடம்பில் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். ஒல்லியாக இருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் என்றது அது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்குக்கு மேல்.

தப்பிக்க வழி இருக்கிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்டு முடித்ததும் ஒரு பத்து, பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்கிறார்கள். நல்ல பலன் தரும் வேலை அது. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பருப்போ, சுண்டலோ, முட்டையோ, கீரையோ வையுங்கள். பெரம்பலூர் சின்ன வெங்காயம் போட்டு வைத்த குழம்பு சோற்றை அள்ளி அள்ளிப் போட வைக்கும். அதே குழம்பை வரகரிசிச் சோற்றுக்கும் ஊற்றிப் பாருங்கள். பெண்கள் உட்பட எல்லோரும் தசைக்கு வேலை தரும் எதையாவது, அது தண்ணீர்க் குடம் தூக்குவதானாலும் சரி, விடாமல் செய்யுங்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவோ உணவைச் சட்டென்று மாற்றவோ வேண்டாம்.

முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். நீரிழிவு தொடக்கத்தில் வலிக்காது, சொல்லிக்கொண்டு வராது. ஆகவே இந்த வாரமே, வேலை முடிந்து வரும் வழியில், வீட்டிலுள்ள பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.