புதுப் புத்தகமும் ஊர்ப் பெருமையும்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

நம் மக்களின் கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பள்ளிக்கூடம், விடுதி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவற்றையே நாம் பேசி வருகிறோம். அவை பேச வேண்டியவையே. ஆயினும், நம் பிள்ளையின் கையில் இருக்கும் புத்தகம் எத்தகையது, அது புதியதா பழையதா, அதில் நம்மைப் பற்றி எழுதியவர் யார் என்று நாம் கேட்பது குறைவு. இன்று அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதற்காகக் கடல் கடந்து, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஒரு புத்தகக் கடை வரையில் சென்று திரும்புவோம்.

மிசிசிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்று ஓர் ஊர் உண்டு. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 25,000. நம் நாட்டில் ஒரு சிறு நகராட்சியின் அளவு. அவ்வூரின் நீதிமன்றச் சதுக்கத்தில் 1979-ஆம் ஆண்டு ரிச்சர்டு ஹோவொர்த், லிசா ஹோவொர்த் என்னும் கணவனும் மனைவியும் 'ஸ்கொயர் புக்ஸ்' என்ற கடையைத் திறந்தனர். வாஷிங்டன் நகரில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் அவர்கள். 1986-இல் அதே சதுக்கத்தில் பழைய மருந்துக் கடை இருந்த கட்டடத்துக்குக் கடை மாறிற்று. 1993-இலும் 2003-இலும் கிளைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று குழந்தைகளுக்கென்றே அமைந்தது. புதிய நூல் வெளிவந்தால் எழுத்தாளர் அங்கு வந்து ஊராரின் முன் படித்துக் காட்டுகிறார். தம் கையொப்பம் இட்டுத் தருகிறார். பெரும் சங்கிலிக் கடைகள் முளைத்தன. 1995 முதல் அமேசான் நூல் விற்கத் தொடங்கிற்று. போர்டர்ஸ் என்ற மாபெரும் நிறுவனமே 2011-இல் மூடப்பட்டது. இந்தச் சிற்றூர்க் கடையோ நிலைத்து நின்றது. புத்தகம் விற்ற ரிச்சர்டு ஹோவொர்த்தை 2001 முதல் 2009 வரை ஊரார் தம் மேயராகவே வைத்துக்கொண்டனர்.

அக்கடையின் தனிச் சிறப்பு, தம் மண்ணின் எழுத்தாளர்களை முன்னிறுத்துவது. அவ்வூரில் வாழ்ந்த வில்லியம் ஃபாக்னர் 1949-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர். வாழ்ந்த காலத்தில் ஊரார் பலர் அவரை எள்ளி நகையாடினர். இன்று அவர் வீட்டைக் காண வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். ஊர்ப் பெருமை என்பது பல வேளைகளில் இவ்வாறு காலந்தாழ்ந்தே பிறக்கிறது.

ஆனால், அன்பர்களே, நாம் இக்கதையை இந்த இடத்தில் முடித்துவிட்டால் அது பாதிக் கதையே ஆகும். அதே ஆக்ஸ்போர்டில்தான் மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் உள்ளது. ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞர் அங்கே மாணவராகச் சேர வந்தபோது, 1962 செப்டம்பர் 30-ஆம் நாள் இரவு பெருங்கலவரம் மூண்டது, இருவர் மாண்டனர். படை வந்து காவல் நின்ற பிறகே, மறுநாள், ஒரு மாணவன் வகுப்பில் உட்கார முடிந்தது. கல்லூரி வாசலைத் தாண்டுவதற்கு ஒரு மனிதனுக்குப் பட்டாளம் துணைவர வேண்டியிருந்த ஊர் அது.

வாசலுக்கே அந்நிலை என்றால் புத்தகத்துக்கு எந்நிலை இருந்திருக்கும்? அடிமைக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்தது. அடிமைமுறை ஒழிந்த பின்னும் பொது நூலகத்தின் கதவு திறக்கவில்லை. மிசிசிப்பியில் 1908-இல் பிறந்த ரிச்சர்டு ரைட், மெம்பிஸ் நகரில் வேலை செய்த நாளில், வெள்ளைக்காரர் ஒருவரின் நூலக அட்டையை வாங்கி, அவருக்காகவே எடுத்துச் செல்வதுபோல் நடித்து நூல்களைப் பெற்றார். படிக்கத் தெரியாதவனாக நடித்தால்தான் படிக்க முடியும் என்ற நிலையை எண்ணிப் பாருங்கள்! அவர் 1945-இல் தம் வாழ்க்கையை 'பிளாக் பாய்' என்ற நூலாக வெளியிட்டபோது, மிசிசிப்பியின் செனட்டர் பில்போ நாட்டின் மேலவையிலேயே அதனைப் பழித்துரைத்தார். 1961 மார்ச் 27-ஆம் நாள் டூகலூ கல்லூரியின் ஒன்பது மாணவ மாணவியர், கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கிய நூலகத்தில் தமக்கு வேண்டிய நூல்கள் இல்லை என்று கேட்டறிந்த பின், ஜாக்சன் நகரின் பொது நூலகத்துக்குள் சென்று அமைதியாக உட்கார்ந்து படித்தனர். அதற்காகவே கைது செய்யப்பட்டனர். படித்ததே குற்றம்!

இங்கே நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நாவல் ஒன்றைச் சொல்வோம். மில்ட்ரெட் டெய்லர் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஜாக்சனில் பிறந்தவர். 1976-இல் வெளிவந்த அவருடைய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை கிரை' என்ற நூல் மறு ஆண்டே சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. கதை 1933-இல் மிசிசிப்பியில் நடக்கிறது. பள்ளியில் முதன்முதலாகப் புத்தகம் கொடுக்கிறார்கள் என்றதும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ஆவலோடு கை நீட்டுகிறான். அழுக்கும் கிழிசலுமான புத்தகம் வருகிறது. உள் அட்டையில் ஓர் அட்டவணை: எந்த ஆண்டில் கொடுக்கப்பட்டது, நூலின் நிலை என்ன, பெற்ற மாணவரின் இனம் என்ன. நூல் நன்றாக இருந்த ஆண்டுகளில் எல்லாம் வெள்ளைப் பிள்ளைகள். மிகவும் கெட்டுப்போன பிறகுதான் கறுப்புப் பிள்ளையின் முறை. அந்தச் சிறுவன் அதைத் தரையில் எறிந்து காலால் மிதிக்கிறான். ஆசிரியை அடிக்கிறார். ஆனால் அதே பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரியும் அவன் தாயோ, அந்த அட்டவணையின்மேல் வெறுந்தாளை ஒட்டி மறைக்கிறார்.

ஆசிரியர்களாகிய நமக்கு அந்தத் தாளின் பொருள் விளங்கும். புத்தகம் பழையதாய் இருப்பது இழிவன்று. இன்னார்க்குப் பழையதே போதும் என்று ஒருவர் முடிவு செய்வதுதான் இழிவு. அதனால்தான் புதுப் புத்தகம் நம் பிள்ளைகளுக்கு வெறும் பொருள் அன்று. முதன்முதலில் அதன் பக்கத்தைப் புரட்டும் உரிமை தனக்கும் உண்டு என்று ஒரு குழந்தைக்குச் சொல்லும் சான்று அது.

இனி, அந்தக் கடைக்குத் திரும்புவோம். பழிக்கப்பட்ட ரிச்சர்டு ரைட் இன்று மிசிசிப்பியின் பெருமைக்குரிய எழுத்தாளர்களுள் ஒருவர். கடற்கரைச் சிற்றூரான டெலீலைச் சேர்ந்த ஜெஸ்மின் வார்டு, 2005-இல் வீசிய காத்ரீனாப் புயலில் சிக்கிய ஏழைக் குடும்பத்தைப் பற்றி எழுதி 2011-இலும், பின்னர் 2017-இலும் தேசிய நூல் பரிசு பெற்றார். மெரிடித்துக்குக் கதவடைத்த அதே பல்கலைக்கழகம் 2010-இல் அவரை உறைவிட எழுத்தாளராக அழைத்திருந்தது. கல்ஃப்போர்ட்டில் பிறந்த நட்டாஷா டிரெதவே 2012-இல் நாட்டின் அரசவைக் கவிஞரானார். இவர்களின் நூல்களும் தம்மவரின் நூல்கள் என்று ஓர் ஊர் கொண்டாடும்போது, அப்பெருமைக்குத் தன்னையே குற்றம் சாட்டும் சொற்களையும் தாங்கும் வலிமை உண்டாகிறது.

மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படையின் வீரன் சிலை அச்சதுக்கத்திலேயே நிற்கிறது. அதை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கையை 2020-இல் மாவட்ட நிர்வாகக் குழு ஏற்க மறுத்துவிட்டது. புத்தகக் கடையால் சிலை பெயர்ந்துவிடுவதில்லை. ஆனால் சிலை சொல்லும் கதை ஒன்றே கதை அன்று என்பதற்கு, நடக்கும் தொலைவிலேயே மறுமொழி கிடைக்கிறது.

அவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். அட்லாண்டாவில் நெடுங்காலம் பேராசிரியராய் இருந்த டியூபாயிஸ் அவர்களுக்கு 1946-இல் நம் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த முறையீட்டின் படியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. அவரும் மறுமொழி தந்தார். துன்பம் ஒன்றுபோல் இருந்ததால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க விரும்பினர். அண்ணலோ தாதரில் 'ராஜகிருகம்' என்ற தம் இல்லத்தையே நூல்களுக்கு இடம் வேண்டும் என்று எண்ணிக் கட்டியவர். நம் முன்னோரும் வாளாவிருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினர். இழிவுக்கென்று பிறர் வைத்த பெயரையே இதழின் முகப்பில் அச்சிட்ட துணிவை என்னென்பது!

அத்தகைய மரபினராகிய நாம் இன்று எங்கே நிற்கிறோம்? பேருந்து நிலையத்தருகே உள்ள கடையில் வினா-விடைக் கையேடும், நோட்டுப் புத்தகமும், போட்டித் தேர்வு நூலும் கிடைக்கின்றன. 1992-இல் வந்த பாமாவின் 'கருக்கு' கிடைப்பதில்லை. 1994-இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' கிடைப்பதில்லை. கடைக்காரரைக் குறைகூறிப் பயன் இல்லை. கேட்பவர் இருந்தால் அவர் வாங்கி வைப்பார். கேட்பவர்களை உண்டாக்குவது சங்கத்தின் பொறுப்பு.

வெள்ளி விழா நிதியில் நினைவு வளைவு கட்டலாம் என்ற கருத்து நிலவுகிறது. வளைவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்வோம் என்று வேண்டுகிறோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாள், விடுதிப் பிள்ளை ஒவ்வொருவர்க்கும் பாடநூல் அல்லாத ஒரு புதுப் புத்தகம், அவர் பெயரை முதற்பக்கத்தில் எழுதிக் கொடுப்போம். சங்கக் கட்டடத்தின் முன்னறையில் நம்மவர் எழுதிய நூல்களை அடுக்கி, மாலைதோறும் திறந்து வைப்போம், விற்கவும் செய்வோம். எல்லாத் தெருவினரும் வரலாம் என்று பலகை எழுதுவோம். பூட்டிய கதவின் வருத்தம் அறிந்த நாம் பிறர்க்குக் கதவைப் பூட்டலாகாது. மூன்றாவதாக, நம் எழுத்தாளர்களை அழைத்து, ஊர் நடுவில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்போம்.

வளைவின் கீழே மக்கள் நடந்து போவார்கள். புத்தகத்தின் உள்ளே நம் பிள்ளைகள் நடந்து செல்வார்கள். நாளை அவர்களுள் ஒருவர் எழுதும் நூலை இவ்வூரார் அனைவரும் "எங்கள் ஊர்ப் பிள்ளை எழுதியது" என்று சொல்லி வாங்கும் நாள் வரவேண்டும். பொன்விழாவுக்குள் அந்நாள் வர உழைப்போம்.