இரத்தக்குழாயை வரவழைக்கும் பொருள்

இனிப்பு நீர் கண்டவர்களுக்குக் கண் மங்குவதை நம் கோலா தெர்லா தோட்டங்களில் பார்த்தே வருகிறோம். காரணத்தைக் கேளுங்கள்.

விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட்டால், உயிர்வளி கிடைக்காத திசு புதுக் குழாய்களை வரவழைக்கிறது. அவசரத்தில் முளைத்த அவை உறுதியற்றவை. கசியும், உடைந்து இரத்தம் கொட்டும். திசு எதைக் கொண்டு அவற்றை அழைக்கிறது? விழித்திரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் பரவ வேண்டும் என்று 1948இல் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்தார்.

அப்பொருள் அகப்பட்டதோ புற்றுநோய் ஆய்வின் வழியாக! புதுக் குழாய்களை வரவழைக்காத புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா போக்மன் 1971இல் எழுதினார். பலர் நம்பவில்லை. அவரோ விடவில்லை. 1983இல் செங்கரும் துவோராக்கும், குழாய்களைக் கசியவைக்கும் புரதம் ஒன்றைக் கட்டிகளில் கண்டனர். 1989இல் கலிபோர்னியாவில் பெராரா, மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பி உயிரணுக்களிலிருந்து, குழாய்களை வளர்க்கும் புரதம் ஒன்றைப் பிரித்து வி.ஈ.ஜி.எஃப். என்று பெயரிட்டார். மரபணுவை ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றே!

இனிப்பு நீரால் பழுதான கண்களின் திரவத்திலும் அதுவே மிகுந்திருப்பது 1994இல் தெரிந்தது.

அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து 2004இல் குடல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு ஆண்டே மருத்துவர்கள் அதைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தனர். ஒரு குப்பியைப் பலருக்குப் பகிரலாம், செலவு குறைவு. ஆனால் ஓர் ஊசியோடு முடிவதில்லை, திரும்பத் திரும்பப் போட வேண்டும். கசிவு அடங்கும், செத்துப்போன நரம்பணு எழாது. பார்வை தெளிவாக இருக்கும்போதே விழித்திரையைச் சோதிக்க அழைப்பது இதனால்தான்.