புரட்டாசிப் பூக்கூடை

 

நவராத்திரி விழாவின் எட்டாம் நாளாகிய இன்று, காந்திபுரத்துத் திருக்கோயிலில் எறிபத்த நாயனாருடைய வரலாற்றைச் சிந்திக்கும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது. நாளும் வரலாறும் தாமே பொருந்தி அமைந்தன. சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில், இந்த நிகழ்ச்சி நடந்தது மகாநவமிக்கு முந்திய நாள் என்றே குறித்திருக்கிறார். நடந்த இடமும் வேற்றூர் அன்று. நம் கொங்கு நாட்டுக் கருவூர், ஆன்பொருநைக் கரை. இன்றும் கரூரில் பூக்குடலை விழா எடுத்து அன்பர்கள் அந்நாளை நினைவுகூர்கின்றனர்.

சிவகாமியாண்டார் என்னும் முதியவர் வைகறையில் எழுந்து நீராடினார். மூச்சுக் காற்றும் பூவிற் படலாகாது என்று வாயைத் துணியாற் கட்டிக்கொண்டார். மலரும் பருவத்துப் பூக்களைக் கொய்து, கூடையில் நிறைத்து, ஆனிலைத் திருக்கோயிலுக்கு விரைந்தார். ஆற்றில் நீராடி மீண்ட புகழ்ச் சோழருடைய பட்டத்து யானை அந்தக் கூடையைப் பறித்துச் சிதறடித்தது. முதியவர் பின்தொடர்ந்து ஓடினார்; ஓட மாட்டாமல் விழுந்தார்; நிலத்தைக் கையால் அறைந்து, சிவனை நோக்கி ஓலமிட்டார். அது கேட்ட எறிபத்தர் மழுவேந்தி வந்து யானையையும், பாகர் ஐவரையும் வெட்டி வீழ்த்தினார். செய்தி அறிந்து சினத்தோடு வந்த மன்னரோ அடியாரைக் கண்டதும் சினம் தணிந்தார். இத்தண்டனை போதாது, என்னையும் கொன்றருளுக என்று தம் வாளையே நீட்டினார். அத்தகைய அன்பருக்குத் துன்பம் இழைத்தேனே என்று வருந்திய எறிபத்தர், அவ்வாளைத் தம் கழுத்திலேயே வைத்தார். இறைவன் திருவருளால் யானையும் பாகரும் எழுந்தனர்; கூடையில் மலர்கள் மீண்டும் நிறைந்தன.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மழுவைப் பற்றியே பேசுவார்கள். நாமும் நாற்பது ஆண்டுகள் அவ்வாறே பேசி வந்தோம். ஒருமுறை சொற்பொழிவு முடிந்து இறங்கும்போது, கூட்டத்தில் இருந்த மூதாட்டி ஒருவர் கும்பிட்டுக் கேட்டார்: "ஏனுங்க ஐயா, பூசைக்குப் பூப்பறிக்க உங்க ஊட்டுல என்னென்ன செடி வெச்சிருக்கீங்க?"

நமக்கு விடை வரவில்லை. நம் இல்லத்து முற்றத்தில் தந்தையார் வைத்த பவழமல்லி ஒன்று இருந்தது. வண்டி நிறுத்தக் கொட்டகை வேண்டுமென்று அதை வெட்டுவித்தவர் நாமே. கடையில் பை நிறையப் பூ வாங்கி அருச்சித்து வந்தோம். கூடையைச் சிதறடித்த யானையை மேடைதோறும் குறை கூறிய நாம், நம் வீட்டில் அந்த யானையாகவே இருந்திருக்கிறோம்! அன்றுதான் முதியவரின் ஓலத்திற்குப் பொருள் விளங்கிற்று. அந்த வைகறைக்கு உரிய பூ அந்த வைகறையில் மட்டுமே உண்டு. இழந்தால் பொன் கொடுத்தும் மீளாது.

ஆகவே இன்று மழுவை விடுத்துக் கூடைக்குள் நோக்குவோம். மலர்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகையாக நம் முன்னோர் வகுத்தனர். ஆவணி, புரட்டாசியில் நால்வகையும் நம் நாட்டில் கிடைக்கின்றன.

கோட்டுப்பூவில் பவழமல்லி. மாலையில் மலர்ந்து விடியலில் தானே உதிரும். தரையில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்பது பொது விதி. பவழமல்லிக்கு மட்டும் அவ்விதி இல்லை. அடியில் தூய துணி விரித்து வைத்தால் போதும்.

கொடிப்பூவில் செங்காந்தள். பச்சையாய் அரும்பி, மஞ்சளாகி, செந்தழலாய் நிறம் மாறும். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து உழவர்கள் இதனைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, மருந்துக்கு உதவும் விதைக்காகப் பயிரிடுகின்றனர். கிழங்கு முதல் விதை வரை கொடிய நஞ்சு. ஆதலின் குழந்தைகள் உள்ள வீட்டில் இதனை வைக்கலாகாது.

நிலப்பூக்கள் பல. செவ்வந்தி, பகல் நீண்டிருக்கும் காலத்தில் இலையும் தண்டுமாக வளரும். செப்டம்பர் 22 அல்லது 23ஆம் நாளில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகி, பின் இரவு நீளும். அதனை உணர்ந்து மொட்டு விடும். அறிவுடைய நாம் நாட்காட்டி பார்த்து அறிவதைச் செடி பாராமலே அறிகிறது! ஆடிப் பட்டத்தில் விதைத்த வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் நவராத்திரிக்குப் பூத்து நிற்கும். சிவபெருமானுக்கு உகந்த தும்பையோ விதைப்பாரின்றியே தூறலுக்கு முளைப்பது. களை என்று அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடைக்குப் போய்ப் பூ வாங்குகிறோம்.

நீர்ப்பூவுக்குக் குளம் வேண்டுமே என்பீர்கள். அல்லிக்கு அகன்ற தொட்டி ஒன்று போதும். கொசு சேராமலிருக்கச் சிறு மீன்கள் நான்கை விடுக.

கடையில் பூ வாங்குவது குற்றமா என்று கேட்கலாம். குற்றமன்று. சத்தியமங்கலத்து உழவரும், தெருவோரம் பூத் தொடுக்கும் தாய்மாரும் அதனால் வாழ்கின்றனர். ஆயுத பூசை நெருங்க விலை ஏறும்போது வாங்க இயலாத ஏழை அடியவரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கும் தும்பை உண்டு. எவர்க்காயினும், ஒரு பூவேனும் தம் கையால் நீரூற்றி வளர்த்ததாக இருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

காந்திபுரத்தில் மண்ணுக்கு இடம் ஏது என்பவர்க்கு நம் அனுபவத்தைச் சொல்வோம். கொட்டகையின் ஒரு பக்கத்தைப் பிரித்து, மூன்று முழ இடத்தில் மீண்டும் ஒரு பவழமல்லியை நட்டோம். மூன்றாம் ஆண்டு ஆவணியில் முதற்பூ உதிர்ந்தது. ஏழே பூக்கள். நாற்பது ஆண்டு கூடைகூடையாய்ச் சாத்தியபோது நனையாத கண்கள், அந்த ஏழு பூக்களைச் சாத்தியபோது நனைந்தன. அந்த மூதாட்டியை நாம் பிறகு காணவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு இன்று நம்மிடம் விடை இருக்கிறது. அதே கேள்வியை உங்களிடம் வைத்து அமைகின்றோம்: உங்கள் வீட்டில் என்ன செடி இருக்கிறது?

திருச்சிற்றம்பலம்.