பேனா கடையலாமா? லேத் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

இந்த எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டிருக்கின்றன.

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு மெயில். அனுப்பினவர் நம்மள மாதிரி ஐடி வேலைல இருந்தவர். டீமைப் பாதியாக் குறைச்சதுல அவர் வேலை போயிடுச்சு. கையில கொஞ்சம் செட்டில்மென்ட் பணம் இருக்கு. ரெண்டு வருஷமா யூடியூப்ல மரத்துல பேனா கடையற வீடியோ பார்த்துட்டு இருக்கார். "ப்ரோ, 60,000 ரூபாய் போட்டு லேத்தும் டூல்ஸும் வாங்கிடலாம்னு இருக்கேன். வேற வேலை கிடைக்கிற வரைக்கும் இது கை கொடுக்குமா? வீட்ல கேக்குறாங்க, என்கிட்ட பதில் இல்ல"ன்னு எழுதியிருந்தார்.

நானும் மூணு வருஷமா சனி, ஞாயிறு பேனா கடையறவன். அதனால சுருக்கமா ரெண்டு வரி பதில் போட மனசு வரல. முழுசாவே பேசிடலாம். பதிலை முதல்லயே சொல்லிடறேன்: பொழுதுபோக்கா இது அருமையான வேலை. மாசச் சம்பளத்துக்கு மாற்று இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல காசு வர்ற ஒரு சின்ன இடம் இருக்கு. அது பெரும்பாலான வீடியோக்கள் காட்டுற இடம் இல்ல.

வேலை என்னன்னு பார்ப்போம்

கேள்விப்படாதவங்களுக்காக. பெரும்பாலானவங்க ஆரம்பிக்கிறது கிட் பேனாவுல. முனை, கிளிப், திருகுற மெக்கானிசம், பித்தளைக் குழாய் எல்லாம் ஒரு பாக்கெட்ல வரும். நாம செய்யறது மேல இருக்கிற மர உடம்பு மட்டும்.

அஞ்சு அங்குல நீளம், முக்கால் அங்குல சதுரத்துல ஒரு மரத்துண்டு எடுக்கணும். ஸ்லிம்லைன்னு சொல்ற மெல்லிசான மாடலுக்கு அதை ரெண்டா வெட்டி, நடுவுல 7 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, பித்தளைக் குழாயை உள்ள ஒட்டணும். ஒட்டினது காய்ஞ்சதும் ரெண்டு முனையையும் சமமாச் சீவி, மேன்ட்ரல்னு சொல்ற கம்பியில கோத்து லேத்துல மாட்டணும். நிமிஷத்துக்கு ரெண்டாயிரம், மூவாயிரம் சுத்துல சுழலும்போது உளியை வெச்சுக் கடையணும். ரெண்டு பக்கமும் புஷ்ஷிங்னு வளையம் இருக்கும். அந்த அளவு வந்ததும் நிறுத்திடணும். அப்புறம் உப்புத்தாள், 150ல ஆரம்பிச்சு நைஸா போய்ட்டே இருக்கணும். கடைசியா பாலிஷ், அப்புறம் அழுத்திப் பொருத்துறது.

கேக்க ஈஸியா இருக்கு. கஷ்டம் எங்கன்னா, கடைஞ்சு முடிச்சதும் முனைப் பக்கம் பித்தளை மேல நிக்கிற மரம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அவ்வளவு மெல்லிசுல மரம் சுருங்கினா வெடிச்சிடும். அதனால ஈர மரம் ஆகவே ஆகாது. காய்ஞ்சிருக்கான்னு பார்க்க சமையல் தராசு போதும். வாரம் ஒரு தடவை எடை போட்டு எழுதி வைங்க. எடை குறையறது நின்னா மரம் தயார்.

ஓட்டை போடறதுல இன்னொரு ஆபத்து. டிரில் அந்தப் பக்கம் வெளிய வரும்போது மரத்தைப் பிய்ச்சுட்டு வரும். தேவையை விடக் கொஞ்சம் நீளமான துண்டுல, முழுசா வெளிய வராம ஓட்டை போட்டு, அப்புறம் அந்த முனையை வெட்டி எடுத்தா பிழைக்கலாம். நடுநடுவுல டிரில்லை வெளிய இழுத்துத் தூளைத் தட்டணும், இல்லன்னா சூட்டுல மரம் விரியும். நம்ம வேலைல இருக்கிற மாதிரி இங்க அன்டூ கிடையாது.

மரம் வாங்கக் காசு செலவழிக்காதீங்க. நம்ம ஊர்ல எல்லாரும் திட்டுற சீமைக் கருவேலம் இருக்கே, அது அமெரிக்காவுல மெஸ்கீட்னு சொல்ற மரங்களோட நெருங்கின சொந்தம். அங்க கடைசல்காரங்க மெஸ்கீட்டை விரும்பி வாங்குறாங்க, காயும்போது ரொம்பச் சுருங்காதுன்னு. நம்ம ஊர்ல அது அடுப்புக்குப் போகுது. பழைய தேக்கு ஜன்னல் சட்டம், புளி, பூவரசு எல்லாமே நல்லா வரும். சந்தனம், செம்மரம் பக்கம் மட்டும் போகாதீங்க, ரெண்டுக்கும் சட்டக் கட்டுப்பாடு இருக்கு. ஈட்டி மரத்துல செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா விதியைப் பார்த்துட்டு அனுப்புங்க. அந்த இனம் முழுசுமே 2017 முதல் சைட்டிஸ் பட்டியல்ல இருக்கு.

இப்போ கணக்கு

நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கங்க.

கிட் 400 ரூபாய். பசை, உப்புத்தாள், பாலிஷ் 60. பெட்டி 60. கூரியர் 80. மொத்தம் 600. பேனாவை 1,500க்கு விக்கிறீங்கன்னா கையில நிக்கிறது 900. இதுவரைக்கும் எல்லா வீடியோவும் சொல்லும்.

இனிமேதான் விஷயம். வெட்டி, ஓட்டை போட்டு, ஒட்ட 30 நிமிஷம். கடைய 40. உப்புத்தாளும் பாலிஷும் 50. பொருத்தி போட்டோ எடுக்க 20. அப்புறம் "வேற கலர் இருக்கா", "கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா"ங்கிற வாட்ஸ்அப் பேச்சு, பேக்கிங், கூரியர் ஆபீஸ் போய் வர்றது, இது 40. மொத்தம் மூணு மணி நேரம். அப்போ மணிக்கு 300 ரூபாய்.

இதுல லேத் காசு இன்னும் வரல. 60,000 ரூபாயை 900ஆல வகுத்தா 67 பேனா. வாரத்துக்கு ரெண்டு வித்தா 34 வாரம். எட்டு மாசம் கழிச்சுத்தான் முதல் ரூபாய் லாபம். வெடிச்ச மரம், கோணலாப் போன ஓட்டை எதையும் நான் இதுல சேர்க்கல.

இன்னொன்னு யோசிங்க. 67 பேனான்னா 67 பேர் வாங்கணும். முதல் பத்துப் பதினஞ்சு பேனாவை நண்பர்களும் சொந்தக்காரங்களும் அன்புக்காக வாங்குவாங்க. அதை மார்க்கெட்டுனு நினைச்சுடக் கூடாது. உங்களைத் தெரியாத ஒருத்தர் முழு விலை கொடுத்து வாங்குற பேனாதான் முதல் விற்பனை.

நமக்கு முன்னாடியே இருக்கிறவங்க

கையால கடைஞ்ச பேனா நம்ம நாட்டுக்குப் புதுசு இல்ல. ராஜமுந்திரியில ரத்னம் பேனா சுதேசி இயக்க காலத்துல உருவானது. அந்தப் பேனாவைப் பாராட்டி காந்தி 1935ல கடிதம் எழுதியிருக்கார். நம்ம பக்கத்துலயே, திருவள்ளூர்ல ரங்கா பேனா இருக்கு. பாரிமுனையில ஜெம் அண்ட் கோ ரொம்பப் பழைய பேனாக் கடை. இந்த மரபுல முக்கியமான பொருள் எபோனைட். ரப்பரோட நிறைய கந்தகம் சேர்த்து நேரமெடுத்துச் சூடாக்கினா கிடைக்கிற கெட்டியான பொருள் அது. கடையும்போது கந்தக வாடை அடிக்கும். கையில பிடிச்சா பிளாஸ்டிக் மாதிரி இல்லாம கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும்.

இங்க கிட் எதுவும் கிடையாது. உடம்பு, மூடி, மரை எல்லாமே கடையறவர் வேலை. மூடியைக் கவனிச்சிருக்கீங்களா? ஒண்ணு, ஒண்ணரைச் சுத்துல கழண்டு வந்துடும். சாதாரண மரையா இருந்தா நாலஞ்சு தடவை திருப்பணும். ஒரே இடத்துல மூணு மரையைப் பக்கம் பக்கமா வெட்டினா, ஒரு சுத்துக்கு மூணு மடங்கு தூரம் நகரும். 0.8 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள மரை ஒரு சுத்துல 2.4 மில்லிமீட்டர் போகும். அதுக்குத் தனி டேப், டை வேணும், சாதாரண ஹார்டுவேர் கடையில கிடைக்காது. நிப் மட்டும் பல பேனாக்களுக்கு ஜெர்மனியில இருந்து வரும், பெர்லின் பக்கம் ஜோவோ, ஹைடல்பெர்க்ல பாக்.

இதை ஏன் சொல்றேன்னா, இவங்களை விலையில நம்மால ஜெயிக்க முடியாது. பல வருஷம் பழகின கை. நாம மூணு மணி நேரம் எடுக்கிறதை அவங்க எப்படி முடிக்கிறாங்கன்னு ஒரு தடவை பார்த்தா, போட்டிங்கிற பேச்சே வாயில வராது. ஃபவுன்டன் பேனா பிடிக்கும்னா முதல்ல அவங்ககிட்ட ஒண்ணு வாங்கி எழுதிப் பாருங்க. மூடி எப்படித் திறக்குது, எடை எங்க நிக்குதுன்னு கத்துக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அப்போ நாம எதை விக்கிறது?

போன வருஷம் தெரிஞ்ச மாமா ஒருத்தர் ஒரு துண்டு மரத்தைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்தார். அவங்க அப்பாவோட கலப்பை. கருவேல மரம். நிலத்தை வித்து வருஷங்கள் ஆச்சு, கலப்பை மட்டும் கொட்டகையில கிடந்திருக்கு. பாதி கரையான் அரிச்சது. "நாங்க மூணு பேர் கூடப்பிறந்தவங்க. ஆளுக்கு ஒரு பேனா வருமா தம்பி?"ன்னு கேட்டார்.

நல்ல மரமா தேறினது நாலு துண்டு. மூணு பேனா வேணும், ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். அஞ்சாவது துண்டுக்கு உலகத்துல எங்கயும் போக முடியாது.

இந்த மாதிரி வேலைக்கு நான் வெச்சிருக்கிற வரிசை இது. முதல்ல காந்தத்தை மேல ஓட்டுவேன், உள்ள ஆணி இருந்தா தெரிஞ்சுடும். அடுத்து கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு மண்ணை எடுக்கணும், வயல் மரத்துல மணல் துகள் இருக்கும், உளியை மழுக்கிடும். விரிசல் இருக்கிற இடத்துல தண்ணி மாதிரி இருக்கிற சூப்பர் க்ளூவை ஊறவிட்டு ஒரு நாள் அப்படியே வைக்கணும். கடையறதுக்கு முன்னாடி, வேற கருவேலத்துல அதே மாடல் பேனா ஒண்ணு முழுசா முடிச்சுப் பார்க்கணும். அதுக்கப்புறம்தான் அவங்க மரத்துல டிரில் தொடும். முக்கியமா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே "இது உடையலாம் மாமா, உடைஞ்சா திரும்ப வராது"ன்னு சொல்லிடணும். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் சரின்னார்.

மூணும் நல்லபடியா வந்துச்சு. நாலாவது துண்டையும் சுருள் தூளையும் ஒரு டப்பாவுல போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பேனாவுக்கு 2,500 சொன்னேன், அவர் பேரமே பேசல. ஆன்லைன்ல வேற எந்தப் பேனாவோடயும் அதை ஒப்பிட முடியாதே.

நான் சொன்ன சின்ன இடம் இதுதான். பாட்டியோட கட்டில் கால், இடிச்ச வீட்டு நிலைக்கதவு, பள்ளிக்கூடத்துல வெட்டின வேப்ப மரம். மரம் அவங்களோடது, நாம விக்கிறது கைவேலையும் கவனமும். மாசத்துக்கு நாலு பேனாவுக்கு மேல இதை நிதானமாச் செய்ய முடியாது. அதனாலதான் இது பக்க வருமானம், சம்பளம் ஆகாது.

இதுல ஒரு பொறுப்பும் இருக்கு. அந்தப் பேனா பத்து வருஷம் எழுதணும். ஸ்லிம்லைன் கிட்டுக்கு கிராஸ் வகை ரீஃபில் வேணும், சின்ன ஊர்ல தேடணும். பார்க்கர் வகை ரீஃபில் போடுற கிட்டா எடுங்க, எந்த ஸ்டேஷனரி கடையிலயும் கிடைக்கும். தீர்ந்து போன ரீஃபிலுக்கு மாத்து கிடைக்காம பேனா டிராயர்ல கிடந்தா நம்ம வேலை அங்கயே முடிஞ்சு போச்சு.

பாதுகாப்பு, சட்டம்

வேகமாச் சொல்லிடறேன், ஆனா விட்டுடாதீங்க. லேத் முன்னாடி கையுறை போடக் கூடாது, பிடிச்சா கையையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, முழுக்கை, செயின், அவிழ்ந்த முடி எதுவும் கூடாது. முகத்துக்கு ஷீல்டு, மூக்குக்கு தூசி மாஸ்க். மரத்தூள் சில பேருக்கு அலர்ஜி தரும், ஈட்டி மரம் குறிப்பா. சூப்பர் க்ளூ பூசப் பஞ்சோ பருத்தித் துணியோ வேண்டாம், பட்டதும் கை சுடுற அளவுக்குச் சூடேறும். பேப்பர் டவல் போதும்.

வேலைல இருக்கிறவங்க ஆஃபர் லெட்டர்ல வெளி வருமானம் பத்தி என்ன இருக்குன்னு படிச்சுப் பாருங்க. விக்க ஆரம்பிச்சா அது தொழில் வருமானம், ஐடிஆர்-1 போட முடியாது, 3 அல்லது 4 வரும்.

மெயில் அனுப்பின நண்பருக்கு

நண்பா, அந்தப் பணத்துல ஆறு மாச வீட்டுச் செலவைத் தனியா எடுத்து வெச்சிடுங்க. லேத் இப்போ வாங்காதீங்க. உங்க ஊர்ல கட்டில் காலும் மாடிப்படி உருளையும் கடையற கடைசல் பட்டறை ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அங்க போய் அண்ணன்கிட்டப் பேசி, மணிக்கு இவ்வளவுன்னு கொடுத்துக் கத்துக்கங்க. கிட்டும் மேன்ட்ரலும் மட்டும் வாங்கிட்டுப் போங்க. உளி பிடிக்கிறதும் சாணை பிடிக்கிறதும் எந்த வீடியோவை விடவும் அங்க சீக்கிரம் வரும்.

பத்து பேனா செய்ங்க. ஒவ்வொண்ணுக்கும் எத்தனை நிமிஷம்னு எழுதி வைங்க. ஒண்ணையும் விக்காதீங்க, தினமும் எழுதுறவங்ககிட்டக் கொடுங்க. கணக்கு வாத்தியார், மெடிக்கல் ஷாப் அண்ணன், கூரியர் ஆபீஸ் அக்கா. மூணு மாசம் கழிச்சு வாங்கிப் பாருங்க, எது வெடிச்சிருக்கு, எதுல பாலிஷ் போயிருக்கு, எது ஆடுது. அதுக்கப்புறமும் பதினோராவது செய்யணும்னு கை துறுதுறுன்னா லேத் வாங்குங்க. அப்போ வீட்ல கேட்டா காட்ட உங்ககிட்ட ஒரு நோட்டு இருக்கும்.

இன்டர்வியூவுக்குத் தயாராகுறதை மட்டும் நடுவுல நிறுத்திடாதீங்க. காலைல அது, சாயங்காலம் பட்டறை.

யார்கிட்டயாவது இந்த மாதிரி வீட்டு மரம் இருந்தா, என்ன மரம், எங்க இருந்ததுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அதை வெச்சே ஒரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.