காவல்காரனுக்குப் பாடம்

(செஞ்சியில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையிலே ராஜகிரி ஏறி இறங்கிய களைப்பு எல்லோருக்கும் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் பத்தே நிமிடம் என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ரத்த செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக எண்ணுகிற ஃப்ளோ சைட்டோமீட்டர் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. அதனாலேயே போன வருடம் நம் வகுப்பு நண்பர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். மகளுக்கு ரத்தப் புற்றுநோய். முழுப் பொருத்தமான கொடையாளர் கிடைக்கவில்லை. பாதிப் பொருத்தமுள்ள அப்பாவின் ஸ்டெம் செல்லையே ஏற்றப் போகிறார்கள். "ஏன்டா, என் ரத்தத்துல இருக்கிற கொல்லி செல்லு எம் பொண்ணையே அடிச்சிடாதா?" என்று கேட்டார். மருத்துவர் சொல்ல வேண்டியதை மருத்துவர் சொன்னார். எனக்குப் புரிந்த மட்டில் நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் கேட்டது இயற்கைக் கொல்லி செல், சுருக்கமாக என்.கே. செல். ரத்தத்தின் லிம்போசைட்டுகளில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை இவைதான். காலையில் உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான பிளவின்மேல் பாலம் தாண்டினோம் அல்லவா? 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையைச் சுற்றி வளைத்திருந்தபோது அங்கே ஒரு காவல்காரன் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? எதிரியின் வேஷங்களை எல்லாம் அவனால் மனப்பாடம் பண்ண முடியாது. நம்மவர் கையில் இருக்கவேண்டிய முத்திரை இல்லையென்றால் பிடிப்பான். நம் உடம்பில் அந்த முத்திரை எச்.எல்.ஏ. என்ற புரதம். வைரஸ் புகுந்த செல்லும் புற்றுச்செல்லும் பல சமயம் அதைத் தொலைத்துவிடும். அப்படித் தொலைத்த செல்லையே என்.கே. செல் அடிக்கிறது என்று 1986இல் ஸ்வீடனின் கிளாஸ் கேர்ரே குழு எலிகளில் காட்டியது. (சிவப்பணுவிலும் முத்திரை கிட்டத்தட்ட இல்லையே என்பீர்கள். அடி என்று தூண்டும் சமிக்ஞையும் கூடவே வேண்டும். சிவப்பணு அதைத் தருவதில்லை.)

சிக்கல் இனிமேல்தான். முத்திரையைப் படிக்கிற கே.ஐ.ஆர். ஏற்பிகளின் மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமில், எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில். பூட்டு ஒரு பட்டறை, சாவி வேறு பட்டறை! ஆகவே நம் எல்லோர் ரத்தத்திலும், நம் முத்திரையைப் படிக்கவே தெரியாத என்.கே. செல்கள் கொஞ்சம் உண்டு. பிரேக் இல்லாத வண்டிகள். அவை ஏன் நம்மைத் தின்று தீர்க்கவில்லை?

தேறாததை உடைத்துப் போடுவது தொழிற்சாலை வழக்கம். தைமஸ் சுரப்பியில் டி செல்களுக்குப் பெரும்பாலும் அதுவே கதி. என்.கே. செல்லுக்கு வழி வேறு. 2005இல் செயின்ட் லூயிஸில் வேய்ன் யோகோயாமா குழு அதற்கு 'உரிமம் பெறுதல்' என்று பெயர் வைத்தது. நம் முத்திரையைப் படித்து அடங்கத் தெரிந்த செல்லுக்கே முழுப் பலம் வருகிறது, தெரியாதது மந்தமாகிவிடுகிறது. கே562 என்று முத்திரை இல்லாத புற்றுச்செல் ஒன்றை ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். அதைப் பக்கத்தில் விட்டால் முதல் வகை பாய்கிறது, இரண்டாம் வகை சோம்பிக் கிடக்கிறது. பிரேக் உள்ள வண்டிக்குத்தான் பெட்ரோல் ஊற்றுகிறது உடம்பு! இதைவிட நல்ல பாதுகாப்பு வடிவமைப்பை நான் எந்த இயந்திரத்திலும் பார்த்ததில்லை.

இந்தப் பாடம் நிரந்தரமும் அல்ல. முத்திரையில்லாத எலியின் மந்தச் செல்லைச் சாதாரண எலிக்குள் விட்டால் சுறுசுறுப்பாகிறது என்று 2010இல் கண்டார்கள்.

நண்பர் கேள்விக்கு வருகிறேன். 2002இல் இத்தாலியின் பெரூஜா மருத்துவர்கள் பாதிப் பொருத்த மாற்றுச் சிகிச்சை பற்றி ஒரு முடிவு வெளியிட்டார்கள். கொடையாளரின் என்.கே. செல் தேடும் முத்திரை நோயாளியிடம் இல்லாதபோது, அது மைலாய்டு வகைப் புற்றுச்செல்லை அடித்தது. தோல், குடல் பக்கம் போகவில்லை. அங்கே சேதம் செய்வது பெரும்பாலும் டி செல். பிற்பாடு எல்லா மருத்துவமனைகளிலும் இதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. பெண் இப்போது வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் இன்னும் இல்லை.

முழுப் பொருத்தம் கிடைத்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்கவே வேண்டாம். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேட்டில் 18 முதல் 50 வயதுவரை உள்ளவர்கள் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும், ஊசிகூட இல்லை. ஐம்பதைத் தாண்டிய அண்ணன்மார் பிள்ளைகளை அனுப்புங்கள். விவரம் வேண்டுவோர் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காரலாம்.