பூட்டனாரைத் தேடுங்கள்!

(அதிராம்பட்டினத்தில் இளைஞர்கள், வணிகர்கள் நடுவே ஆற்றிய உரை)

 

உங்கள் வாப்பாவின் வாப்பா பெயர் என்ன? எல்லோரும் சொல்லிவிடுவீர்கள். அவருடைய வாப்பா பெயர்? இப்போது பாதிப்பேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்கள். அவருக்கும் முந்தியவர் எந்தக் கரையில் கடை வைத்தார், எந்த மண்ணில் அடக்கமாகியிருக்கிறார் என்று கேட்டால் சபையே மௌனமாகிவிடுகிறது. கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்த சபுராளிகளின் ஊர் இது!

மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று உலகம் போற்றும் முன்ஷி அப்துல்லாஹ் யார் தெரியுமா? அவருடைய பாட்டனாரின் தந்தை யமன் தேசத்திலிருந்து நாகூருக்கு வந்து, அங்கேயே மணம் முடித்தவர். பாட்டனார் மலாக்கா சென்று நிலைத்தார். 1849இல் அச்சான தன் வரலாற்று நூலில் அப்துல்லாஹ் இந்தத் தலைமுறைகளைப் பெயர் பெயராக எழுதி வைத்தார். மலாக்காவில் வியாபாரக் கணக்குக்குத் தமிழ் தேவைப்பட்டதால் தன்னைத் தமிழ் படிக்க வைத்தார்கள் என்றும் எழுதினார். எழுதியதால் நமக்குத் தெரிகிறது. அதே கப்பலில் போன ஆயிரக்கணக்கானவர்கள் எழுதவில்லை, தெரியவில்லை.

இன்னொருவர் பரங்கிப்பேட்டையிலிருந்து பினாங்கு போன காதிர் முகைதீன். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சூலியா மக்களின் தலைவராக ஏற்றது. பள்ளிவாசலுக்கு 18 ஏக்கர் நிலமும் தந்தது. அதுதான் இன்றைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1834இல் மறைந்தார். அவர் எழுதிய உயிலை வைத்தும், வம்ச வரிசையை வைத்தும் மலேசியாவில் 'மெரிக்கான்' என்ற பெயரோடு வாழும் குடும்பங்கள் இன்று தங்கள் வேரைக் கண்டுகொள்கின்றன. மெரிக்கான் என்றால் ஏதோ அமெரிக்காக்காரர் என்று எண்ண வேண்டாம், நம்முடைய மரைக்காயர்தான்!

இங்கேதான் தேடுகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். காதிர் முகைதீன் ஓர் ஏட்டில் 'காடர் மொஹுதீன்', மற்றொன்றில் 'காதர் மைதீன்'. பினாங்கில் நம்மைச் சூலியா என்றும் கிளிங் என்றும் பதிந்தார்கள். இலங்கையில் சோனகர், 'மூர்' என்றார்கள். ஒரே எழுத்துக்கூட்டை வைத்துத் தேடிவிட்டு "கிடைக்கவில்லை" என்று கையை விரிக்காதீர்கள்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஆகவே ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். பத்திரத்தில் இருப்பவர் பாட்டனா, பேரனா? ஆண்டைப் பார்க்காமல் முடிவு செய்தால் வம்சவழியே புரண்டு போகும். மீஸான் கல்லில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில். ஹிஜ்ரி 33 ஆண்டுகள் ஆங்கிலக் கணக்கில் ஏறத்தாழ 32 என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியை நீங்களே போட்டுவிடலாம்.

எங்கே தேடுவது? முதலில் வீட்டில். பரணில் இருக்கும் தகரப் பெட்டியில் பழைய பேரேடு, கிரயப் பத்திரம், கடிதக் கட்டு, அரபுத் தமிழில் எழுதிய ஏடு இருக்கும். அரபு எழுத்தைக் கண்டதும் ஓதும் கிதாபு என்று முத்தமிட்டு மூடி வைத்துவிடுகிறோம். படித்துப் பார்த்தால் அது கடன் கணக்காக இருக்கும்! படிக்கத் தெரிந்த ஆலிம்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டுக்கு வெளியே என்றால் சார்பதிவாளர் அலுவலகம். 1860களிலேயே பத்திரப்பதிவுச் சட்டம் வந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அந்தக் காலம் வரை போகாது. மனுப் போட்டுப் பழைய அட்டவணையைப் பார்க்க வேண்டும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 வரை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தவை என்பதால், அந்தக் காலத்து ஆவணங்களை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பிலும் தேட வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகவே தந்திருக்கிறது. கடை ஏலம், சொத்து வழக்கு, மரண அறிவிப்பு எல்லாம் அதில் வரும்.

பர்மாவுக்குப் போன குடும்பங்களுக்குச் சிரமம் அதிகம். 1942இல் ஜப்பானியர் குண்டுக்குத் தப்பி நடந்தே வந்தவர்கள் உயிரைக் கொண்டுவந்தார்களே தவிர ஏட்டைக் கொண்டுவரவில்லை. அவர்களுக்கு வாய்மொழிதான் வழி.

வாய்மொழி என்றதும் ஆண்களிடம் மட்டும் ஓடாதீர்கள். நம் ஊரில் பெண்ணுக்குத்தானே வீடு கொடுக்கிறோம்? வீட்டுப் பத்திரம் உம்மா பெயரில், அவருடைய உம்மா பெயரில் என்று போகிறது. ஆனால் வம்சவழி எழுதும்போது ஆண் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதிவிட்டுப் பெண்களை விட்டுவிடுகிறோம். பாதிக் குடும்பத்தை அங்கேயே தொலைத்துவிடுகிறோம். எந்த வீடு யாருக்குச் சீதனமாகப் போனது, யாருக்கு யார் பால்குடிச் சொந்தம் என்பது வயதான உம்மாமார்களுக்குத்தான் தெரியும்.

சொல்லக் கூச்சமான ஒன்றையும் சொல்கிறேன். சபர் போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தவர்கள் உண்டு. மலேசியாவிலிருந்து ஒருவர் பழைய போட்டோவோடு வந்து "இவர் எங்கள் பாட்டனார்" என்றால் சொத்துக்கு வந்துவிட்டான் என்று கதவைச் சாத்தாதீர்கள். ஹலாலாக மணந்த மனைவியின் பிள்ளைக்கு இங்கே பிறந்த பிள்ளையைப் போலவே வாரிசுரிமை உண்டு. அது நாம் போடும் பிச்சை அல்ல. தாத்தாவின் மரியாதை போய்விடும் என்று உண்மையை மறைப்பது எனக்கு உடன்பாடில்லை.

அதேபோல, எல்லோரும் அரபு நாட்டிலிருந்து நேரே வந்ததாக எழுதிக்கொள்ளும் ஆசையும் வேண்டாம். ஆதாரம் இருந்தால் எழுதுங்கள். உங்கள் முன்னோர் இந்த மண்ணிலேயே கலிமாச் சொன்னவராக இருந்தால் அதில் என்ன குறைவு? அரபிக்கு மற்றவரை விட மேன்மை இல்லை என்று அண்ணலார் (ஸல்) அறிவித்த பிறகு நாம் எதற்கு இல்லாத வம்சத்தைக் கடன் வாங்க வேண்டும்?

இது வெறும் பெருமைக்கான தேடல் அல்ல. பாட்டனார் பள்ளிக்கு எழுதி வைத்த நிலம் எது, குடும்பத்துக்கு விட்டது எது என்று காட்டப் பத்திரம் வேண்டும். 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, நெடுங்காலப் பயன்பாட்டை மட்டும் காட்டி ஒரு சொத்தைப் புதிதாக வக்ஃப் என்று நிலைநாட்ட முடியாது. காகிதம் இல்லாதவன் பேச்சு எடுபடாத காலம். இதை அறிந்தும், பழைய வீட்டை இடிக்கும்போது பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம்!

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு கோரிக்கை. பள்ளிவாசல் அலமாரியில் இருக்கும் பழைய நிக்காஹ் பதிவேடுகளைக் கரையான் அரிப்பதற்குள் ஸ்கேன் செய்யுங்கள். மணமக்கள், வலீ, சாட்சிகள், மஹர் என்று ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு குடும்பத்தின் வரலாறு இருக்கிறது. செலவை வியாபாரிகள் பகிர்ந்துகொள்ளலாம். வேலையை இளைஞர்கள் செய்துவிடுவார்கள். செல்போன் எல்லோர் கையிலும் இருக்கிறதே!