மருத்துவரிடமும் மறைத்தால் மனம் எப்படி ஆறும்?

(புக்கிட் மேராவில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



புக்கிட் மேராவின் டிப்போ ரோட்டை அறியாத தாய்மார்கள் குறைவு. மத்திய மனிதவளத் தளம் நெடுங்காலம் அங்குதான் இயங்கியது. தேசிய சேவைக்கு முன் நடக்கும் மருத்துவச் சோதனைக்குப் பிள்ளைகள் அங்குதான் சென்றார்கள். ஆஸ்துமா உண்டா, கண் பார்வை எப்படி என்று கேள்விகள் வரும். சில இளைஞர்களுக்கு மட்டும், இன்னொன்றைச் சொல்வதா வேண்டாமா என்று நெஞ்சு படபடக்கும்.

தன்பாலின ஈர்ப்பு உண்டு என்று சொன்னவர்களை, படையின் மருத்துவப் பதிவில் '302' என்று குறித்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலில் இருந்து வந்த எண் அது. ஓரினச் சேர்க்கையை அந்நிறுவனம் 1990லேயே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதன் பிறகும் இங்கே அந்த எண் நீடித்தது. மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டதாகவும் பெற்றோரை அழைத்துவரச் சொன்னதாகவும் அக்காலச் சேவையாளர் சிலர் பின்னர் கூறியிருக்கிறார்கள்.

இதனால் 18 வயதுப் பிள்ளை கற்றுக்கொண்ட பாடம் என்ன? "மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் அது கோப்பில் ஏறிவிடும்" என்பதுதான். ஈராண்டுச் சேவை முடிந்தாலும் அந்தப் பாடம் மறப்பதில்லை. போர்க்காலப் படைவீரராக 40 வயது வரை, அதிகாரியானால் 50 வயது வரை அழைப்பு வரலாம். தூக்கம் கெட்டு, வாழ்க்கையே வெறுத்துப்போனாலும், பலதுறை மருந்தகத்தில் "தலைவலி" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். "கேட்காதே, சொல்லாதே" என்ற கொள்கை 1994 முதல் 2011 வரை நடப்பிலிருந்தது. 13,000க்கும் மேற்பட்டோர் படையிலிருந்து நீக்கப்பட்டனர். மனநல ஆலோசகரிடம் ரகசியமாகச் சொன்னதைக்கூட ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்த முடிந்தது. 2010 மார்ச்சில்தான் அதற்குத் தடை வந்தது. 2000ல் தடையை நீக்கிய பிரிட்டன், பழைய வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2023ல்தான்.

இங்கே 1938ல் வந்த 377ஏ பிரிவை நீக்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29ஆம் தேதி நிறைவேற்றியது. சட்டம் ஒரு நாளில் மாறலாம். பழகிப்போன பயம் அப்படி மாறுவதில்லை.

"எங்கள் சமயமும் குடும்பமும் ஏற்காததை ஏற்கச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். அந்த வாதம் தனியாக நடக்கட்டும். மனம் நொந்தவன் மருத்துவரிடம் போகவேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டா?

மருத்துவர்களே, எதை எழுதுவீர்கள், அதை யார் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெற்றோரே, "என்ன இருந்தாலும் நீ எங்கள் பிள்ளை" என்ற வார்த்தையை அவன் கேட்கும் முன்பே சொல்லுங்கள். தவிப்பில் இருக்கும் தம்பிகளே, 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. உயிரே வேண்டாம் என்று தோன்றினால், அபய ஆலோசனைச் சங்கத்தை 1767ல் எந்நேரமும் அழைக்கலாம்.

நாட்டைக் காக்க நின்ற பிள்ளை, தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கதவைத் தட்டத் தயங்கக்கூடாது.